ஆணிப்புண் என்று நான் சொன்னது

வாய் நிறைய ஆணியை வைத்துக்கொண்டே சண்டை போடுவாள் என் மருமகள். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், என் கண்ணால் பார்த்தது. சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைத்துத் துணி போர்த்துகிற பட்டறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். விரல் நகத்தின் நீளமே இருக்கும் பொடி ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை வெளியே பார்க்கும்படி உதட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். சுத்தியலின் ஒரு முகத்தில் காந்தம். அதை உதட்டருகே கொண்டுபோனால் ஆணி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மெல்ல ஒரு தட்டு, ஆணி மரத்தில் நிற்கும். சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டு, ஆணி உள்ளே. இவ்வளவும் நடக்கும்போது இடது கை துணியை இழுத்துப் பிடித்தது பிடித்தபடியே இருக்கும்.

மத்தியானச் சோறு கொண்டுபோகிற சாக்கில் நான் போய் வேடிக்கை பார்ப்பேன். துணி வெட்டுகிறவர் ஒருவர் அங்கே இருந்தார், எல்லோரும் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"தங்கச்சி, கொட்டாவி விட்டுறாத. உன்னைத் தலைகீழாப் புடிச்சு உலுக்குறதுக்கு இங்க ஆள் இல்ல."

ஆணியை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு இவள் சொல்வாள், "உங்க வாயில போட்டாத்தான் அண்ணே ஆபத்து. நீங்க பேசுற பேச்சுக்கு ஆணியெல்லாம் வளைஞ்சு போயிரும்."

அந்த வேலையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே வாயெல்லாம் புண்ணாகிவிடும். பட்டறையில் அதற்கு ஆணிப்புண் என்று பேர். அவளுக்கும் வந்தது. கல்யாணமாகி வந்த மறு வருஷம். அழுதுகொண்டு வந்து நின்றாள். நான்தான் உப்பைப் போட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்து, நாலு நாள் காரம் இல்லாமல் சமைத்துப் போட்டேன். ஐந்தாம் நாள் சரியாகிப் போனது. "அத்தை வைத்தியம் அத்தை வைத்தியம்தான்" என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து யாருக்கு ஆணிப்புண் வந்தாலும் கத்திரி என்னிடம் கேட்டனுப்புவார். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்தால் இருக்காதா?

அவளுக்கு நாற்பது வயது நெருங்கும்போது விரல்கள் மக்கர் பண்ண ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை இரண்டும் விறைத்துக்கொள்ளும். முட்டிகள் வீங்கி, மோதிரம் கழலாமல் அறுத்துத்தான் எடுத்தோம். என் பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகத் தலை பின்ன முடியவில்லை, நான் பின்னிவிட்டேன். "பாட்டி கோணல் மாணலா பின்றாங்க" என்று அது ஒரு பக்கம் சிணுங்கும்.

பட்டறையில் மற்றவர்கள் பாதி வேலையை, ஸ்டேப்ளர் மாதிரி கையால் அமுக்கிக் கம்பிப் பின்னை அடிக்கிற கருவியில் முடிப்பார்கள். அதை அமுக்க விரலில் பலம் வேண்டும். இவளால் முடியவில்லை. ஆணியும் சுத்தியலும் என்றால் சமாளித்தாள். சுத்தியல் பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக்கொண்டாள். ஆணியை எடுக்க, திருப்ப, நீட்ட, எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது.

"எனக்கு இப்ப வாய்தான் அத்தை கை. இதுவும் போச்சுன்னா என்னை மூலையில சாத்தி வச்சிருங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள், பாத்திரம் கழுவ முடியாமல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து அதையே சொன்னாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். என் மகன் சாமான் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறவன், அன்றைக்கு வண்டி வெளியூர். டாக்டரம்மா சின்ன வயசு. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றாள். கையைப் படம் எடுத்து வரச்சொல்லி அவளை அனுப்பிவிட்டு, என்னிடம் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள்.

"பாட்டி, நல்லாக் கேட்டுக்கோங்க. இந்த மஞ்ச மாத்திரை வாரத்துல ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. மாசாமாசம் ரத்தம் பார்க்கணும். காய்ச்சல் வந்தாலோ, வாயில புண் வந்தாலோ, மாத்திரையை நிறுத்திட்டு அன்னிக்கே கூட்டிட்டு வந்துரணும். வாய்ப்புண்தானேன்னு விட்டுராதீங்க. அவங்க வந்ததும் சொல்லிருவீங்கல்ல?"

"அதெல்லாம் சொல்லிருவேம்மா" என்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். படம் எடுத்துவிட்டு வந்தாள். "கையை மட்டும் ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி போட்டோ எடுத்தாங்க அத்தை. மூஞ்சியை யாரும் கேக்கவே இல்ல" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சொன்னேன், வாரத்தில் ஒரு நாள் என்று. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று. மாசாமாசம் ரத்தம் எடுக்கணும் என்று. காய்ச்சல் வந்தால் உடனே வரணும் என்று.

வாய்ப்புண்ணைச் சொல்லவில்லை.

மறந்துவிடவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். வாயை நம்பிப் பிழைக்கிறவளிடம் இந்த மாத்திரை வாயில்தான் கை வைக்கும் என்று சொன்னால், அந்த இடத்திலேயே தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும். கை சரியாகட்டும் முதலில். புண் வந்தால் வரட்டும், நான்தான் கூடவே இருக்கிறேனே, பார்த்துக்கொள்ளலாம். இப்படி நானே முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் முடிவு செய்கிறவள் எப்போதும் நான்தான்.

மாத்திரை நன்றாகத்தான் கேட்டது. இரண்டு மாசத்தில் காலை விறைப்பு குறைந்தது. மூன்றாம் மாசம் ஒரு நாள் அடுப்படிக்கு ஓடிவந்தாள். "அத்தை, இங்க பாருங்க." கையை மூடிக் காட்டினாள். நாலு விரலும் உள்ளங்கையைத் தொட்டு, முழுசாக ஒரு குத்து. அப்படியே திரும்பி என் மகன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ஏய், என்னடி?"

"மூணு வருஷ பாக்கிங்க. இன்னும் நிறைய இருக்கு, பொறுங்க."

பேத்திக்கு அவளே தலை பின்னினாள். அந்தப் பிள்ளை கண்ணாடியில் பார்த்து, "அப்பாடா, வகிடு நேரா இருக்கு" என்றது. எனக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மா, வீக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை போடுகிற நாலு மாத்திரையை ஆறாக்கினாள். அதே சமயம் பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ஒரு சினிமா தியேட்டரின் சீட் முழுவதையும் புதிதாகப் போர்த்தித் தர வேண்டும். திறப்பு நாள் குறித்துவிட்டார்கள். கை வந்துவிட்ட சந்தோஷத்தில் இவள் இரண்டு ஆள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாள்.

புண் அப்போதுதான் வந்தது.

முதலில் பார்த்தவர் கத்திரி. "ஆணிப்புண்ணு தங்கச்சி. இத்தனை வருஷம் கழிச்சு நீ மறுபடியும் புதுசா சேர்ந்தவளாயிட்ட."

"அப்ப வேலையும் புதுசா சேர்ந்தவ அளவுக்குத்தான் குடுக்கணும், சொல்லிட்டேன்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஜன்னல் பக்கம் நிறுத்தி, உதட்டை மடக்கிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக இரண்டு, சுற்றிலும் சிவப்பு. டாக்டரம்மா சொன்னது ஒரு வார்த்தை விடாமல் காதில் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையால் வந்தது என்று சொன்னால், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பாள். மாத்திரையை நிறுத்தினால் கை பழையபடி போய்விடும். பதினெட்டு வருஷமாக வாயில் ஆணி போடுகிறவளுக்கு வாயில் புண் வந்தால் அது எதனால் இருக்கும்? பட்டறையே சொல்கிறது. எனக்கும் தெரிந்த புண்தானே அது.

"ஆணிப்புண்தான்" என்றேன். உப்பு போட்டு வெந்நீர் வைத்தேன்.

நாலு நாளில் ஆறவில்லை. ஈறில் வந்தது, நாக்கின் ஓரத்தில் வந்தது. துரு ஏறிய ஆணியாக இருக்கும் என்று நான் பட்டறைக்கே போய், அவள் டப்பாவில் இருந்த ஆணியை எல்லாம் வாங்கிவந்து வெந்நீரில் அலசி, தட்டில் பரப்பி வெயிலில் காய வைத்தேன். நினைத்தால் இப்போது என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தெருவில் போனவர்கள், "என்ன பாட்டி, ஆணி வத்தலா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன்.

என் மகன் ஒரு நாள் காலையில் கேட்டான். "அவ எச்சில் முழுங்கவே முகம் சுளிக்கிறாம்மா. டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துரலாமா?"

"ஆணி குத்தினதுக்கு டாக்டரா? போடா, நீ வண்டியைப் பாரு. இது எனக்குத் தெரியாத புண்ணா?"

என் பேச்சுக்கு அவன் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. அன்றைக்காவது பேசியிருக்கலாம். அவனைக் குற்றம் சொல்லவில்லை, மனசு அங்கேயும் போகிறது, அவ்வளவுதான்.

ரத்தம் எடுக்க வேண்டிய நாள் வந்தது. தியேட்டர் வேலை முடிய இன்னும் ஆறு நாள். "நீ வேலையை முடி, நான் போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன், ரத்தம் அடுத்த வாரம் குடுத்துக்கலாம்" என்றேன். பேசினால் வலிக்கிறது என்று தலையைத்தான் ஆட்டினாள்.

மாத்திரை கொடுக்கிற ஜன்னலில் இருந்த நர்ஸம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தம் குடுக்க அவங்க வரலையா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் கண்டிப்பா வருவாம்மா."

"காய்ச்சல், இருமல், வாயில புண்ணு ஏதாவது இருக்கா அவங்களுக்கு?"

எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஒரு வார்த்தை போதும். நானும் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

"இல்லம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மாத்திரையை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். அதை விழுங்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! ஒவ்வொரு மாத்திரைக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது. முதுகைத் தடவிவிட்டு, "அவ்வளவுதாம்மா, அவ்வளவுதான்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் கொதித்தது. தலையணையில் ரத்தம், ஈறிலிருந்து வந்தது. என் மகன் ஏற்றியிருந்த சாமானை எல்லாம் வாசலிலேயே இறக்கிப்போட்டுவிட்டு, வேனின் பின்னால் மெத்தை விரித்து அவளைக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறிப்போனது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"மூணு வாரமா" என்றான் மகன்.

"ஆணிப்புண்ணும்மா" என்றேன் நான். இன்னும் அதையே சொன்னேன் பாருங்கள். "வாயில ஆணி வச்சு வேலை பார்க்கிறவ."

"தொண்டைக்குள்ள முழுக்க இருக்கு பாட்டி. ஆணி அங்க எப்படிப் போகும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "மருந்து உடம்புல ஏறிப்போச்சு. ரத்தத்துல கிருமியை எதிர்க்கிற சக்தியே இல்லாமப் போயிருச்சு. வாயில புண் வந்தா அன்னிக்கே கூட்டிட்டு வாங்கன்னு உங்ககிட்டதானே சொன்னேன்? அவங்ககிட்ட சொன்னீங்களா?"

என் மகன் திரும்பி என்னைப் பார்த்தான். கட்டிலில் கிடந்தவளும் பார்த்தாள். நான் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

வராந்தாவில் அவன் கேட்டான், "உனக்குத் தெரியுமாம்மா?" நான் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. டீ வாங்கிவந்து பக்கத்தில் வைப்பான், பேசமாட்டான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். நடுவில் அவள் கிடந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயைத் திறக்கவே முடியாது. உதடு கருத்து ஒட்டிப்போயிருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு வைப்பதுதான் சாப்பாடு மாதிரி.

மூன்றாம் நாள், அவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது, எழுதுகிற மாதிரி விரலை ஆட்டிக் காட்டினாள். நர்ஸம்மாவிடம் பேனாவும் தாளும் வாங்கிக் கொடுத்தேன். மெல்ல எழுதினாள். ஊசியைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்த விரல்கள், அந்தப் பேனாவை எவ்வளவு அழகாகப் பிடித்திருந்தன! எழுதி முடித்து என் கையில் வைத்தாள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா? வாசல் பக்கம் கை காட்டினாள். அவன் வந்ததும் கொடுக்க வேண்டுமாம்.

கொடுத்தேன். அவன் வாய்விட்டுத்தான் படிப்பான், அப்படியே பழக்கம்.

"அத்தைகிட்ட பேசாம இருக்காதீங்க. டாக்டர் சொன்னதை அத்தை அன்னிக்கே பெஞ்சுல உக்காந்து என்கிட்ட சொல்லிட்டாங்க. மாத்திரையை நிறுத்திருவாங்களேன்னு நான்தான் மறைச்சேன். ஆணிப்புண்ணுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

"இல்லடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படி ஒரு பிடி. இன்னொரு கையின் விரலைத் தூக்கித் தன் உதட்டின் மேல் வைத்தாள், பேசாதீங்க என்று. அந்தப் புண்ணின் மேல் விரல் பட்டதும் அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். விரலை எடுக்கவில்லை, நான் வாயை மூடுகிற வரைக்கும்.

மூடிவிட்டேன். யார் சொன்னாலும் வாயை மூடாதவள் அன்றைக்கு மூடிவிட்டேன். என் மகன் என் மடியில் முகத்தைப் புதைத்து, "தப்பா நெனச்சிட்டேம்மா" என்று அழுதான். நான் அவன் தலையைத் தடவினேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாள். அடுத்த இரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள்.

வருஷம் ஒன்றாகிறது. பட்டறையில் இன்னும் ஆணி குத்தித்தான் செத்தாள் என்று சொல்கிறார்கள். கத்திரி இப்போது யாரையும் வாயில் ஆணி போட விடுவதில்லை. அதெல்லாம் போகட்டும். என் மகன் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். அவனுக்குக் கோபம் எல்லாம் அவள் மேல். சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று சொல்வான், "கைதான் பெருசாப் போச்சு அவளுக்கு. பொண்ணு ஒருத்தி இருக்கான்னு நெனச்சாளா?" அவள் வைத்திருந்த தலையணையை, துணிமணியை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். போன வாரம் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் எதிலோ மார்க் குறைந்ததை ஒளித்துவைத்துவிட்டாள். அதற்கு அவன் சொன்னான், "உங்கம்மா மாதிரி மறைக்கப் பழகாத."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "சரிப்பா" என்றது.

அந்த "சரிப்பா" நான் வாயை மூடிக்கொண்டதால் வந்தது. அதனால்தான் பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைக்கிறேன்.

டேய் மகனே, அந்தத் தாளில் எழுதியிருந்தது பொய். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் மாத்திரையை நிறுத்தியிருப்பாளோ, கைக்காகத் தொடர்ந்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. அதை அவளே முடிவு செய்ய நான் விடவில்லை. அவள் தெரியாமல் இருந்தாள். தெரிந்திருந்தும் மறைத்தவள் நான். ஜன்னலில் கேட்டபோது இல்லை என்று சொன்னவளும் நான். அவள் வாழ்க்கையில் மறைத்தது ஒன்றே ஒன்றுதான், அது என் தப்பு. அதையும் நீ அம்மா இல்லாமல் நிற்கக்கூடாது என்று மறைத்தாள்.

பேசாதீங்க என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனாள். உயிரோடு இருந்தபோதே அவள் பேச்சை நான் கேட்டதில்லை. இதையும் கேட்கப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு என்னோடு பேச முடியாது என்றால் பேசாதே. டீயை வைத்துவிட்டுப் போ, எனக்குப் பழக்கம்தான். ஆனால் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைக் கூப்பிட்டு, உங்கம்மா எதையும் மறைக்கவில்லை என்று சொல். நான் சொன்னால் அவளுக்குச் சமாதானம் சொல்கிற மாதிரி இருக்கும். நீ சொல்லு.